விளக்கொளியும் கல்விக் கட்டணமும்: மெதெயின் நகரத்தின் வரலாறு

கல்லூரிக் கட்டணத்திற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்னும் வினா நம்மனோர்க்குப் புதிதன்று. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்ற அண்ணல் அம்பேத்கர், படிப்பு முடிந்தபின் பத்தாண்டு அச்சமஸ்தானத்தில் பணிபுரிவதாக உடன்படிக்கை எழுதிக் கொடுத்தே சென்றார். 1917-இல் பணியேற்க வந்தவருக்கு அந்நகரில் குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. மன்னர் கொடை படிப்பைத் தந்தது. ஊரார் நெஞ்சை அது தொடவில்லை.

கொடையாக அன்றி, நகரத்துப் பொதுச்சொத்தின் வருவாயிலிருந்தே கல்விப் பொருள் கிடைத்த ஓரிடம் உண்டு. அது தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் மெதெயின் நகரம்.

1955-இல் அந்நகராட்சி, தன் மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தொலைபேசித் துறைகளை ஒரே நிறுவனமாக்கித் தன்னாட்சி வழங்கியது. உரிமை முழுதும் நகராட்சியுடையது; ஆதலின் இலாபத்தில் ஒரு பங்கு நகரக் கருவூலத்தைச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அது பாதிக்கும் மேற்பட்டது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு நெறியையும் நாடெங்கும் உறுதிசெய்தது. குடியிருப்புகள் ஆறு படிகளாகப் பகுக்கப்பட்டன. மேற்படியினர் கூடுதற் கட்டணம் செலுத்துவர்; கீழ் மூன்று படியினர்க்குச் சலுகை உண்டு. ஒருவனது வறுமைக்கு அவன் வீட்டு மின்கட்டணச் சீட்டே சான்றாயிற்று. சான்றிதழுக்கு அலுவலகந்தோறும் அலைந்தோர் இதன் அருமையை அறிவர்.

2004 முதல் 2007 வரை மேயராயிருந்த கணிதப் பேராசிரியர் செர்ஹியோ ஃபஹார்தோ, கல்வியை நகரின் முதற்பணியாக்கினார். அக்காலத்தை ஒட்டி வளர்ந்த உயர்கல்வி நிதிகளுள் மின்நிறுவனத்தின் பெயரால் அமைந்ததும் ஒன்று. கீழ் மூன்று படிகளைச் சேர்ந்த நகரவாசிகளுக்குப் படிப்புக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அதிலிருந்து கிடைத்தன. ஆயினும் பெயரளவில் அது கடனே. பட்டம் பெற்று, குறித்த அளவு சமூகத் தொண்டும் செய்தால் கடன் தள்ளுபடியாகும். இடையில் நின்றவனுக்கோ அது கடனாகவே நிற்கும். தந்தை நோயுற்றதால் படிப்பை விட்டவனையும் விளையாட்டால் விட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்தும் முறை செம்மையானதென்று கூற என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் கூறல் வேண்டும். அந்நிறுவனத்தின் பெருவருவாய்க்கு மலையாறுகளின் நீர்த்தேக்கங்களே அடிப்படை. எல் பெனியோல் என்னும் பழைய ஊர், 1970-களில் அத்தகைய தேக்கம் ஒன்றில் மூழ்கியது. மக்கள் எளிதில் பணியவில்லை; 1969-இலேயே நிறுவனத்தை ஓர் ஒப்பந்தத்திற்கு இணங்கச் செய்து, புதிய ஊரும் கட்டுவித்துக் கொண்டனர். 2018-இல் இத்துவாங்கோ அணைப்பணியில் திருப்புச் சுரங்கம் அடைபட்டபோது, காவ்கா ஆற்றின் கீழ்க்கரையில் ஆயிரக்கணக்கானோர் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. 2022 நவம்பரில்தான் அங்கு மின்னாக்கம் தொடங்கிற்று. வெளியேறியோர் மெதெயின் நகரவாசிகள் அல்லர். ஆதலின் அந்நகர நிதிக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் அவர்தம் பிள்ளைகட்கு இல்லை.