நாய்ச் சட்டையின் கதை

நாய்க்குச் சட்டை போட்டு அழகு பார்ப்பது பணக்காரர்களின் புதுப் பைத்தியம் என்று வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான். பைத்தியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'புது' என்பதுதான் இடிக்கிறது. நாய்க்கு உடுப்புத் தைக்கும் வேலை இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது.

கி.மு. 37-இல் வாரோ என்ற ரோமானியர் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்க்கு 'மெலியம்' என்று ஒரு கழுத்துப் பட்டையைச் சொல்கிறார். கெட்டித் தோல், அதில் வரிசையாக ஆணிகள். ஓநாய் வந்து கழுத்தைக் கவ்வினால் அதன் வாய்தான் கிழியும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து வரும் விஷயம். இரும்பு நாயின் கழுத்தை உறுத்தக் கூடாது என்பதற்காக உள்ளே மெத்தென்ற தோல் வைத்துத் தைக்கச் சொல்கிறார் மனிதர்! வெளியே ஓநாய்க்கு ஆணி, உள்ளே நாய்க்கு மெத்தை.

பிறகு ஐரோப்பாவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய்களுக்குக் கனமாகத் தைத்த மார்புச் சட்டை போட்டார்கள். பன்றி கீழிருந்து கொம்பால் கிழிக்கும் என்பதால் மார்பும் வயிறும் மூடியிருக்கும், கால்கள் ஓடுவதற்கு வசதியாக வெளியே இருக்கும்.

உடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு அலாஸ்காவுக்குப் போக வேண்டும். 1925 ஜனவரியில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தை நெனானாவிலிருந்து சுமார் 1085 கிலோமீட்டர் தூரம், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி, நாய் வண்டிகளில் கொண்டு போனார்கள். இருபது வண்டிக்காரர்கள், ஐந்தரை நாட்கள். அவர்களில் சார்லி எவான்ஸ் என்பவரின் முன்னோடி நாய்கள் இரண்டும் முடி குட்டையான கலப்பு நாய்கள். இப்படிப்பட்ட நாய்களுக்கு முடி குறைவாக இருக்கும் தொடையிடுக்கில் முயல் தோல் கட்டுவது வழக்கம். அன்றைக்கு அதை அவர் எடுத்து வரவில்லை. குளிரோ மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. வழியிலேயே இரண்டும் உறைந்து விழுந்தன. எவான்ஸ் தானே வாரை மாட்டிக்கொண்டு மற்ற நாய்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். நோமுக்குள் மருந்தைக் கொண்டு போன பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை இருக்கிறது. ஒரு துண்டு முயல் தோல் இல்லாமல் செத்த அந்த இரண்டுக்கும் இல்லை.

அலாஸ்காவில் 1973 முதல் நோம் வரை நடக்கும் இடிடரோட் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுத் துணிக் காலுறைகள் வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஒரு காலுக்கு இரண்டு என்று கணக்கு. விரல் இடுக்கில் பனி உருண்டையாகி அறுப்பதை அது தடுக்கும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், அதனால் ஓய்வு நேரத்தில் கழற்றிவிடுவார்கள்.

குளிரைச் சொன்னோம், வெப்பம்? நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். 1957-இல் சோவியத் விண்கலத்தில் போன லைக்கா, ஏறிய சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் இறந்தது என்பது 2002-இல்தான் வெளியே வந்தது. அங்கே குற்றவாளி கலத்தின் வெப்பம், உடுப்பு அல்ல. ஆனால் நாயின் உடம்பு சூட்டுக்கு எவ்வளவு பலவீனமானது என்பது புரிகிறதல்லவா? 1960-இல் போன பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் உயிரோடு திரும்பின. இந்த நாய்களுக்கு உடுப்பைப் பல நாள் மாட்டிப் பழக்கிய பிறகுதான் மேலே அனுப்பினார்கள்.

இப்போது நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் ஹாலோவீன் சமயத்தில் வேஷம் போட்ட நாய்களின் ஊர்வலம் நடக்கிறது. பூசணிக்காய், சிங்கம், போலீஸ்காரர் என்று விதவிதமான வேஷங்கள். அங்கே நாயைக் கடிக்க ஓநாயும் இல்லை, குத்தப் பன்றியும் இல்லை. அதனாலோ என்னவோ, தைப்பவர்கள் பார்ப்பவர் கண்ணை மட்டும் நினைத்துத் தைத்துவிடுகிறார்கள். வாயைக் கட்டும் முகமூடி, காதை அமுக்கும் தொப்பி, கடித்தால் தொண்டையில் போகிற பித்தான். வாங்குபவர் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டும், வாய் தாராளமாகத் திறக்க வேண்டும், கண்ணும் காதும் மறையக் கூடாது. மாட்டியதும் நாய் சிலை மாதிரி அசையாமல் நின்றால் அது போஸ் கொடுக்கவில்லை. பயந்திருக்கிறது, உடனே கழற்றிவிடுங்கள்.