மூளைக் கட்டியைக் கண்டறியும் முறைகளின் வரலாறு

மூளையில் தோன்றும் கட்டியை மண்டையோடு முழுவதுமாக மறைத்துவிடுகிறது. மண்டையோட்டைத் திறக்காமல் கட்டி எங்கே உள்ளது என்பதை அறிவதே மருத்துவர்களுக்கு நெடுங்காலம் பெரும் சிக்கலாக இருந்தது.

அறிகுறிகளைக் கொண்டு கணித்தல்

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழித்திரையைப் பார்க்க உதவும் கருவியை அறிமுகப்படுத்தினார். பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் தலைக்குள் அழுத்தம் கூடியுள்ளது என்று அதன் மூலம் அறிய முடிந்தது. ஆயினும் கட்டி எந்தப் பக்கம் உள்ளது என்பதை அது காட்டவில்லை. 1870களில் டேவிட் ஃபெரியர் குரங்குகளின் மூளையில் மின்தூண்டல் செய்து, மூளையின் எப்பகுதி எந்த உறுப்பை இயக்குகிறது எனக் குறித்தார்.

இந்த அறிவு 1884 நவம்பர் 25 அன்று இலண்டனில் சோதிக்கப்பட்டது. ஓர் இளைஞருக்கு உடலின் இடப்பக்கம் வலிப்பு வந்தது. பின்னர் இடக்கை செயலிழந்தது. ஆகவே கட்டி மூளையின் வலப்பக்க இயக்கப் பகுதியில் இருக்க வேண்டும் என்று ஹியூஸ் பென்னட் கணித்தார். ரிக்மன் காட்லி அவ்விடத்தைத் திறந்தபோது கட்டி அங்கேயே இருந்தது. கணிப்பு பலித்தாலும், நோயாளி நான்கு வாரங்களில் தொற்றினால் இறந்தார்.

காற்றும் சாயமும்

1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது; மூளையைக் காட்டவில்லை. 1918இல் பால்டிமோரைச் சேர்ந்த வால்டர் டான்டி, மூளை அறைகளிலுள்ள நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். கட்டி நேரடியாகத் தெரியாது. அது நசுக்கிய, இடம் பெயர்த்த அறைகளே தெரியும். காற்றைச் செலுத்தும் இத்தகைய சோதனைகள் கடும் தலைவலியையும் வாந்தியையும் தந்தன; சிலர் உயிரிழந்தனர். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் சாயம் செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்.

கணினிப் படங்கள்

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று, விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். மூளைக் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்த பெண் அவர். துளையோ காற்றோ இன்றி, மூளையின் குறுக்குவெட்டிலேயே கட்டி தெரிந்தது. 1980களில் எம்.ஆர்.ஐ. மேலும் தெளிவான படங்களைத் தந்தது.

திசு ஆய்வு

படம் கட்டியின் இடத்தைக் காட்டும். அதன் வகையை உறுதிசெய்யப் பெரும்பாலும் திசு ஆய்வு தேவை. 1926இல் பெய்லியும் குஷிங்கும் உயிரணுக்களின் அடிப்படையில் கிளையோமா கட்டிகளை வகைப்படுத்தினர். 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மரபணு மாற்றங்களும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனினும் இன்றும் மருத்துவர் ஸ்கேனுக்கு முன் நோயாளியின் கைவலிமையையும் விழித்திரையையும் சோதிக்கிறார். 1884இன் முறை வழக்கொழிந்துவிடவில்லை.