செட்டியார் இல்லாத செட்டியார் தெரு

கொழும்புப் புறக்கோட்டையின் பிரதான வீதியிலிருந்து கொச்சிக்கடைப் பக்கமாகச் செல்லும் தெரு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதற்கு ஸீ ஸ்ட்ரீட், அதாவது கடல் தெரு, என்று பெயர் வைத்தனர். தமிழர் அதனைச் செட்டியார் தெரு என்றனர். சிங்களவர் ஹெட்டி வீதிய என்றனர். ஹெட்டி என்பதும் செட்டியே. ஆக, ஆட்சியாளர் கண்டது கடலை. மக்கள் கண்டது அங்கிருந்த மனிதரை.

இன்று அத்தெருவில் நிற்பவருக்குக் கடல் தெரியாது. செட்டியாரும் இல்லை. கடல் மறைந்ததற்குக் காரணம் துறைமுகமும் அதன் பண்டகசாலைகளும். 1875ஆம் ஆண்டு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின்னர் அக்கரையின் தோற்றமே மாறிவிட்டது. செட்டியார் மறைந்தது எதனால் என்பதை, தாலிக்கொடி வாங்க அங்கு செல்லும் இளந்தலைமுறையினர் பலர் அறியார். அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். எனவே எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. கொழும்புச் செட்டிகள் எனப்படுவோர் வேறு; நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு. முன்னவர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இலங்கையில் வேரூன்றியவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தெருவுக்குப் புகழ் சேர்த்த நாட்டுக்கோட்டையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில், செட்டிநாட்டிலிருந்து வந்த சைவர்கள். பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டுமே வந்தனர். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவருடைய முகவர் மூன்றாண்டுத் தவணைக்குக் கொழும்பில் தங்கிக் கணக்கு முடித்துத் திரும்புவார், அடுத்தவர் வருவார்.

அவர்கள் தொழில் நடத்திய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம் ஒன்றில் பல நிறுவனங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஆளுக்கொரு பாய், ஒரு சாய்வுப் பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி, சில பேரேடுகள், அவ்வளவுதான் கந்தோர். உறங்குவதும் அங்கேயே. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முன்னோரின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்ட ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தின் நம்பிக்கையில் ஒரு துண்டுக் காகிதம் உண்டியலாக மாறிக் கொழும்பிலும் சென்னையிலும் இரங்கூனிலும் பணமாகும். வருமானத்தில் ஒரு பங்கு மகமையாகக் கோவிலுக்குச் செல்லும். தெருவிலுள்ள பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் அந்தச் சமூகத்தின் பக்தியிலும் பணத்திலும் எழுந்தவை.

ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் மக்களுக்குக் கடன் கொடுப்பதை அக்காலத்தில் விரும்பவில்லை. செட்டியாரை நம்பின. செட்டியார் வங்கியில் வாங்கி, அதற்குமேல் வட்டி வைத்து, தென்னந்தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் கொடுத்தார். அரிசி, புடைவை இறக்குமதியும் அவர்கள் கையில் இருந்தது. சுதேசிகளின் முதலீடு என்று அன்று இருந்ததிற் கணிசமான பகுதி இத்தெருவின் இரும்புப் பெட்டிகளிலிருந்து சென்றதே.

வட்டிக்குக் கொடுப்பவரை எந்த நாட்டிலும் எவரும் நேசிப்பதில்லை. 1925இல் செட்டியார் நிறுவனமொன்று முறிந்தபோது வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிக்கொண்டன. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கொப்பறா விலையும் றப்பர் விலையும் வீழ்ந்தன. கடன் வாங்கியவர்களின் காணிகள் செட்டியார் பெயருக்கு மாறின. வெறுப்பு வளர்ந்தது. உள்ளூர் மக்களுக்கு ஒரு வங்கி வேண்டும் என்ற குரல் வலுத்து, 1934இல் வங்கி விசாரணை ஆணைக்குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அந்த வங்கி நாட்டுக்குத் தேவையாகவே இருந்தது. ஆனால் செட்டியார் மீதான கோபம் அதனோடு தணியவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் அவர்களை வெளியேற்றியது கல்லோ தீயோ அன்று, சட்டம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது என்பது யாவரும் அறிந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய குடிவரவு குடியகல்வுச் சட்டம் இந்திய வர்த்தகரையும் அவர்களின் சிப்பந்திகளையும் தவணைக்குத் தவணை அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் அந்நியராக்கியது. 1953ஆம் ஆண்டின் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஊருக்குப் பணம் அனுப்பும் வழியை நெருக்கியது. ஒவ்வொரு கிட்டங்கியாகப் பூட்டப்பட்டது. கோவில்கள் இருந்தன, பெயர் இருந்தது, ஆட்கள் போய்விட்டனர்.

இதனை யாழ்ப்பாணத் தமிழராகிய நாம் எவ்வாறு பார்த்தோம்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் தொடர்பான சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் தலைமை அரசாங்கத்தோடு இருந்தது. அதனை ஏற்காது பிரிந்தவர்களே அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். அரசியலில் அந்தப் பிளவு பதிவாகியிருக்கிறது. ஆனால் வட்டிக்கடைச் செட்டியாருக்காகக் கண்ணீர் விட்டோர் நம்மில் மிகச் சிலரே.

அறுபதுகளின் பிற்பகுதியில் பத்திரிகைத் தொழிலுக்கென நான் கொழும்பு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியபோது, தெரு நகைக்கடைத் தெருவாகிவிட்டிருந்தது. யாழ்ப்பாணத்தவர், இந்திய வம்சாவளியினர் எனப் பலரும் கடை வைத்திருந்தனர். கடையின் முன்புறம் கண்ணாடிப் பெட்டிகள் மின்னும். பின்புறத்து இருண்ட பட்டறைகளில் பத்தர்கள் உமிச்சட்டி முன் அமர்ந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பர். வாங்க வருவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் சிங்களவர். கம்பஹாவிலிருந்தும் களுத்துறையிலிருந்தும் மகளின் கல்யாணத்துக்கென்று குடும்பத்தோடு வருவார்கள். கடைக்காரர் சரளமான சிங்களத்தில் பேரம் பேசுவார். கொடுக்கும் பவுணில் கலப்பில்லை என்று அந்தத் தாய் நம்புவாள். அந்த நம்பிக்கைதான் தெருவின் முதல்.

காலையில் கடை திறக்குமுன் வாசற்புழுதியைக் கூட்டி அள்ளிச் செல்வோரைக் கண்டிருக்கிறேன். பட்டறைக் கழிவு ஓடும் வடிகாலின் சேற்றையும் அவர்கள் விடுவதில்லை. சட்டியிலிட்டு நீரில் அலசினால் அடியில் இரண்டொரு பொன் துகள் தங்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு அது போதும். கோடிகள் புரளும் தெருவில் இப்படியும் ஒரு பிழைப்பு.

சுற்றுப்புறம் தனி உலகம். கெய்சர் வீதியில் புடைவை, நான்காம் குறுக்குத் தெருவில் அரிசியும் பலசரக்கும். மூடை சுமப்போரைச் சிங்களவரும் நாட்டாமி என்றே அழைப்பர். நம்முடைய நாட்டாமையே அது. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல். சற்று வடக்கே கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் அங்கு மெழுகுதிரி ஏற்றுவர். அதற்கு அண்மையில் பொன்னம்பலவாணேசர் கோவில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனை 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதுக்கிக் கட்டினார். 1902இல் தோன்றிய விவேகானந்த சபையின் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றுவிட்டு, ஜிந்துப்பிட்டி முருகன் டாக்கீஸிலோ செல்லமஹாலிலோ இரவுக் காட்சி பார்த்துத் திரும்பிய நாட்கள் பல. பூபாலசிங்கம் புத்தகசாலை இத்தெருவில் இடம்பிடித்த பின்னர் பொன் வாங்க வழியில்லாத எம்போன்றோருக்கும் அங்கு செல்ல ஒரு காரணம் கிடைத்தது.

ஆடி மாதம் வந்தால் தெருவின் முகமே மாறிவிடும். 1870களில் தொடங்கிய ஆடிவேல் விழாவில் வெள்ளித் தேர் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குச் செல்லும். தேரை இழுப்பவை காளைகள். வழி நெடுகத் தேங்காய் உடைபடும். கரும்புக் கட்டுகளும் பம்பாய் மிட்டாயும் விற்கப்படும். சிங்களச் சிறுவரும் பறங்கியர் சிறுவரும் அன்று பாதையோரம் காத்திருப்பர். அவர்களுக்கு அது வேல் என்ற ஒற்றைச் சொல். மதம் பாராத கொண்டாட்டம். செட்டியார்கள் போன பின்னரும் அவர்களின் தேர் கொழும்பின் தேராக ஓடிக்கொண்டிருந்தது.

1983இலும் ஆடி மாதம் வந்தது. ஜூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் புறக்கோட்டையை எட்டியது. கடைகள் உடைக்கப்பட்டன, கொள்ளையிடப்பட்டன, எரிக்கப்பட்டன. 29ஆந் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியதும் மீண்டும் கொலைகள். அகதி முகாம்களில் இருந்தோர் லங்கா கல்யாணி முதலான கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1948இல் செட்டியாரை நோக்கிச் சொல்லப்பட்ட அதே சொல், நீ உன் ஊருக்குப் போ என்பது, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் நம்மை நோக்கி வந்தது. இம்முறை அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. அதன் பின்னர் ஆடிவேல் வீதிக்கு வராத ஆண்டுகள் பல. மீண்டும் தேர் ஓடத் தொடங்கியபோது பழைய கூட்டம் இருக்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து தெருவுக்குப் புதிய வாடிக்கையாளர் வந்தனர். அவர்கள் வாங்க வந்தவர்கள் அல்லர், விற்க வந்தவர்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வந்த தாய்மார். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதி அறையொன்றில் மகனைப் பூட்டி வைத்துவிட்டு, பயண முகவருக்குக் கட்டவேண்டிய பணத்துக்காகச் சேலைத் தலைப்பில் முடிந்த பொட்டலத்தோடு வருவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்கு உறவுமுறையான ஒருவருக்குத் துணையாக நான் சென்றேன். பதினொரு பவுண் கொடி. வயதான பத்தர் அதனை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். தராசில் வைக்குமுன் தாலியை மட்டும் மெல்லக் கழற்றி வெற்றிலையில் வைத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். "இதை நாங்கள் நிறுக்கிறதில்லை அம்மா. மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டுங்கோ. பிள்ளை உழைச்சு அனுப்பினதும் என்னட்டையே வாங்கோ, கொடி செய்து தாறன்" என்றார். அவர் அழவில்லை. வெளியே வந்தபின் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, கனடாவில் சரியான குளிராமே?"

உலகின் பல பாகங்களிலிருந்து இதனைப் படிக்கும் வாசகர்களிற் சிலருடைய விமானச் சீட்டு இத்தெருவின் தராசொன்றில் நிறுக்கப்பட்டிருக்கும். உங்கள் தாயாரிடமோ பேர்த்தியாரிடமோ கேட்டுப் பாருங்கள். பின்னர் நீங்கள் அனுப்பிய பணமும் கொழும்பு வர்த்தகர் வழியாகவே ஊர் போய்ச் சேர்ந்தது. அம்முறைக்கு மக்கள் சொன்ன பெயரும் உண்டியல். செட்டியாரின் சொல்லைத் தெரு மறக்கவில்லை.

விடுதிகளில் இருந்தோரையும் விட்டு வைக்கவில்லை. பொலிஸ் பதிவு, இரவுச் சுற்றிவளைப்பு, அடையாள அட்டைச் சோதனை என்று ஆண்டுகள் கழிந்தன. 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சொந்த நாட்டுத் தலைநகரில் தங்கக் காரணம் சொல்லவேண்டிய நிலை. அனுமதிப் பத்திரத்துக்காக வரிசையில் நின்ற செட்டியாரின் முகவரை அன்று நான் எண்ணிக்கொண்டேன்.

போர் 2009இல் முடிந்தது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது அச்சுற்றுவட்டாரம் மீண்டும் குருதி கண்டது. 2022இல் ரூபாய் வீழ்ந்து பொன் விலை ஏறியபோது, காப்பையும் சங்கிலியையும் அடகு வைக்கவும் விற்கவும் சென்றோரில் சிங்களத் தாய்மாரும் இருந்தனர். அரிசிக்கும் மருந்துக்கும் எரிவாயுவுக்குமாகப் பொன் கைமாறியது. ஒரு வீட்டின் துயரம் எம்மொழியிலானாலும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த உரைகல்தான்.

தெரு இன்றும் பரபரப்பாகவே இருக்கிறது. நகைக்கடைகள் உண்டு, கோவில் மணி கேட்கிறது. பத்தர்களின் பிள்ளைகள் பலர் அத்தொழிலைக் கற்கவில்லை. இயந்திரத்தில் வார்த்த நகைகள் கண்ணாடிப் பெட்டிகளை நிரப்புகின்றன. பழைய கிட்டங்கிகள் எவை என்று காட்டுவதற்கு ஒரு பலகைகூட இல்லை.

அதிகாரம் ஒரு சமூகத்தை அந்நியர் என்று சொல்லும்போது, அச்சமூகம் மற்றவர்களால் அதிகம் நேசிக்கப்படாததாகவே இருக்கும். அதனால் அயலவர் வாய் திறப்பதில்லை. அடுத்த முறை அந்தச் சொல் அயலவரின் வாசலுக்கு வருகிறது. தமிழிலும் சிங்களத்திலும் இத்தெரு தாங்கி நிற்கும் பெயர், வெளியேற்றப்பட்டவர்களின் பெயர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.