ஹோரேஸ் கிரீலி

ஹோரேஸ் கிரீலி (3 பிப்ரவரி 1811 – 29 நவம்பர் 1872) அமெரிக்க இதழாசிரியர். 'நியூயார்க் டிரிப்யூன்' நாளிதழை நிறுவியவர். நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் ஏழை உழவர் வீட்டில் பிறந்தார். 15 வயதில் வெர்மான்டில் ஓர் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அச்சுக்கோத்தபடியே அரசியலும் படித்தார். 1831இல் நியூயார்க் வந்தார். 1834இல் அவர் தொடங்கிய 'நியூயார்க்கர்' வார இதழுக்கும் இன்று அப்பெயரில் வரும் இதழுக்கும் தொடர்பில்லை. அவருடைய இதழ் பேர் வாங்கித் தந்தது, பணம் தரவில்லை.

டிரிப்யூன் 10 ஏப்ரல் 1841இல் ஒரு சென்ட் விலையில் வெளிவந்தது. அன்றைய ஒரு சென்ட் தாள்கள் பெரும்பாலும் கொலையையும் கோர்ட்டையும் நம்பியே ஓடின. கிரீலி நூல் மதிப்புரை, வேளாண்மை, தொழிலாளர் கூலி, அடிமை ஒழிப்பு ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார். 1844இல் மார்கரெட் ஃபுல்லரை மதிப்புரை எழுத அமர்த்தினார். லண்டனிலிருந்து கார்ல் மார்க்ஸ் பத்தாண்டுக்காலம் எழுதினார். இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி பற்றிய அவருடைய 1853ஆம் ஆண்டுக் கட்டுரைகள் வந்தது இத்தாளில்தான். கிராமங்களுக்குப் போன வாரப் பதிப்பு 1860 வாக்கில் 2 லட்சம் பிரதிகளை எட்டியது. இத்தனைக்கும் ஆசிரியரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அச்சுக்கோத்துப் பிழைத்தவரே அச்சுக்கோப்பவரை இப்படி வதைத்தது விந்தைதான்.

பதவி அவருக்கு ஒட்டவில்லை. 1848 டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினரானவர் மூன்றே மாதம் அங்கிருந்தார். அதற்குள் சக உறுப்பினர்கள் சுற்றுவழியைக் கணக்குக் காட்டி வாங்கிய பயணப்படியைப் பெயர் பெயராகத் தாளில் அச்சிட்டார். பட்டியலில் லிங்கனும் இருந்தார்.

பின்னாளில் குடியரசுத் தலைவராகிவிட்ட அதே லிங்கனுக்கு, உள்நாட்டுப் போரின் நடுவே 20 ஆகஸ்ட் 1862இல், அடிமைகளை விடுவிக்கத் தயங்குவது ஏன் என்று கேட்டுத் திறந்த மடல் எழுதினார். இரண்டே நாளில் பதில் வந்தது: தம் முதல் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பதே என்றார் லிங்கன். அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவு அப்போதே அவரிடம் தயாராக இருந்தது.

போர் முடிந்தபின், 1867இல், தோற்ற தென்தரப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசுக்கு ஜாமீன் கையெழுத்திட்டார். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் சந்தாவை நிறுத்தினர். 1872இல் பதவியிலிருந்த கிராண்டை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு மனைவி மேரி இறந்தார். படுதோல்வி, தாளின் பிடியும் கைநழுவியது. அம்மாத இறுதியில் அவரும் மறைந்தார். குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்கள் வாக்களிக்கும் நாள் அப்போது வந்திருக்கவில்லை. ஜார்ஜியாவின் தேர்வாளர் மூவர் இறந்தவருக்கே வாக்களித்தனர். காங்கிரஸ் அவற்றை எண்ணவில்லை.