குறைந்த செலவுப் பந்தயத் தானுந்து

குறைந்த செலவுப் பந்தயத் தானுந்து என்பது, பெருமளவில் உற்பத்தியாகும் கார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஆகியவற்றின் எஞ்சின், கியர் பெட்டி, பிரேக், ஸ்டீயரிங் முதலான பாகங்களை எடுத்து, புதிதாக அமைக்கப்பட்ட இலகுவான அடிச்சட்டத்தில் பொருத்திக் கட்டப்படும் பந்தய வண்டி ஆகும். பந்தயத்துக்கென்றே தயாரிக்கப்படும் ஒற்றை இருக்கை வண்டியை வாங்க வசதியில்லாதவர்கள் பந்தயத்தில் பங்கேற்க இம்முறை வழி செய்கிறது. 1988 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, இந்தியாவில் இவ்வகையில் மிகவும் அறியப்பட்ட வண்டியாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தில் பொருள் தட்டுப்பாடு நிலவியபோது, 500 கன செ.மீ. எஞ்சின் கொண்ட மலிவான பந்தய வண்டிகளை ஆர்வலர்கள் கட்டத் தொடங்கினர். 1946 ஆம் ஆண்டில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜான் கூப்பரும் இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பகுதிகளை எடுத்து, ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்து இணைத்து ஒரு வண்டியை உருவாக்கினர். மோட்டார் சைக்கிள்களில் பயன்பட்ட ஜேஏபி எஞ்சின் அதற்குப் பொருத்தப்பட்டது. எஞ்சினின் விசை சங்கிலி வழியாகப் பின் சக்கரங்களைச் சென்றடைந்ததால், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது எளிதாயிற்று. சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட இவ்வமைப்பே பின்னர் ஃபார்முலா 1 பந்தயத்தின் போக்கை மாற்றியது. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் ஜாக் பிராபம் பின்புற எஞ்சின் கொண்ட கூப்பர் வண்டியில் உலக வாகையர் பட்டம் வென்றார்.

அமெரிக்காவில் 1960களில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு ஃபார்முலா வீ என்னும் பிரிவு உருவானது. இங்கிலாந்தில் 1967 இல் ஃபோர்டு காரின் எஞ்சினைக் கொண்ட ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது. எல்லா வண்டிகளுக்கும் ஒரே வகை எஞ்சினை விதித்ததால் இப்பிரிவுகளில் செலவு கட்டுக்குள் இருந்தது.

இந்தியாவில்

தென்னிந்தியாவில் தானுந்துப் பந்தயத்தின் தொடக்கக் களமாக விளங்கியது சோழவரம் ஆகும். மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டித் திருத்தணியையும் கிழக்கே வங்கக் கடற்கரையையும் கொண்ட இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே இது அமைந்துள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று போருக்குப் பின் இங்குப் பயனற்றுக் கிடந்தது. 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அதில் பந்தயங்களை நடத்தியது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற சாலைக் கார்களை மாற்றியமைத்து உள்ளூர் ஆர்வலர்கள் ஓட்டினர். செல்வர்கள் சிலர் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளைத் தருவித்தனர். இறக்குமதித் தீர்வை மிகுதியாக இருந்ததால், பிறருக்கு அவ்வழி மூடியே இருந்தது.

1983 இல் விற்பனைக்கு வந்த மாருதி 800 இந்நிலையை மாற்ற உதவியது. அதன் 796 கன செ.மீ. மூன்று உருளை எஞ்சின் சிறியது, எடை குறைந்தது, உதிரிப்பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. கரிவரதன் (1954–1995) இந்த எஞ்சினை மையமாகக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தார். அனைவரும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வண்டியை ஓட்டியதால், வெற்றி பணத்தைக் காட்டிலும் ஓட்டுநரின் திறமையைச் சார்ந்ததாயிற்று.

1990 இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான பந்தயத்தடம் திறக்கப்பட்டபின் இவ்வண்டிகளுக்கு ஏற்ற களமும் கிடைத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் பதின்ம வயதில் ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கினார். 2005 இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். 2003 இல் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கட்டமைப்பு

சாதாரண எஞ்சின் பந்தயத்துக்குப் பயன்படுவதற்கு முதற்காரணம் எடைக் குறைப்பே. மாருதி 800 காரின் எடை சுமார் 650 கிலோ. அதன் திறன் சுமார் 37 குதிரைத்திறன். அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 57 குதிரைத்திறன். அதே எஞ்சினை 400 கிலோ எடையுள்ள வண்டியில் பொருத்தினால், எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமலேயே இது 92 ஆக உயர்கிறது. பிரேக் பிடிக்கும் தூரமும் வளைவுகளில் டயரின் மீது விழும் சுமையும் குறைகின்றன.

முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே தொகுதியாக இருக்கும். அத்தொகுதியை முழுவதுமாக ஓட்டுநருக்குப் பின்னால் நகர்த்திப் பின் சக்கரங்களை இயக்கச் செய்வது மலிவான வழியாகும். 1972 இல் வெளிவந்த ஃபியட் எக்ஸ்1/9 என்னும் காரும் இவ்வாறே ஃபியட் 128 காரின் தொகுதியைப் பயன்படுத்தியது. தொகுதியை நகர்த்தும்போது அதன் முகத்தைத் திருப்பக் கூடாது. முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். நான்கு கியர்களும் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும். ஃபார்முலா வீ வண்டியில் பீட்டிலின் கியர் பெட்டி திருப்பி வைக்கப்படுவதால், டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரத்தை மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்துகின்றனர்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் மேலும் இலகுவானது. கியர் பெட்டியும் அதனுள்ளேயே அடங்கியுள்ளது. ஆனால் பெரும்பாலானவற்றில் பின்னோக்கு கியர் இல்லை. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்வதால் எண்ணெய் அடித்தொட்டியிலேயே தங்கும். சாயாத நான்கு சக்கர வண்டியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் எஞ்சின் சேதமடையக்கூடும். இதைத் தவிர்க்க அடித்தொட்டியில் தடுப்புத் தகடுகள் பொருத்தப்படுகின்றன.

பாகங்களின் பொருத்தம்

வெவ்வேறு வண்டிகளின் பாகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக இருப்பது போதாது. அவை ஒன்றோடொன்று இசைய வேண்டும்.

பிரேக்: முன்பகுதி கனமான காரின் பிரேக்குகள் முன் சக்கரங்களில் அதிக விசை செலுத்துமாறு அமைக்கப்பட்டிருக்கும். பின்பகுதி கனமான வண்டியில் அவற்றை அப்படியே பொருத்தினால் முன் சக்கரங்கள் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும். எனவே இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களை வைத்து, முன்பின் விசைப் பங்கீட்டைச் சரிசெய்கின்றனர்.
ஸ்டீயரிங்: முன் சக்கரத் தொகுதி பின்னால் வைக்கப்படும்போது, சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளுக்குப் பதிலாக அசையாத கம்பிகள் பொருத்தப்பட வேண்டும். இல்லையெனில் பின் சக்கரங்கள் தாமாகவே திரும்பி வண்டி நிலைகுலையும்.
குளிரூட்டல்: ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருந்தால் நீண்ட குழாய்களில் காற்று தங்கும். அதை வெளியேற்ற உயரமான இடத்தில் திறப்பு தேவை.

பாதுகாப்பும் சட்டமும்

குறைக்கக் கூடாத செலவு பாதுகாப்புக்கானதே ஆகும். ஓட்டுநரின் தலைக்கவசத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் உருளல் வளைவு, தீத்தடுப்புச் சுவர், பல முனைப் பட்டை, தீயணைப்பான், மின் இணைப்பை உடனே துண்டிக்கும் விசை ஆகியவை இன்றியமையாதவை. பழைய வண்டியிலிருந்து எடுக்கப்படும் ஸ்டீயரிங், சக்கரத் தாங்கி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். இவற்றைச் சாய ஊடுருவல் சோதனையால் கண்டறியலாம்.

இவ்வண்டிகளைப் பந்தயத்தடத்தில் மட்டுமே ஓட்ட இயலும். இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள உற்பத்தியாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

மாணவர் போட்டிகள்

1981 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்ஏஇ, பொறியியல் மாணவர்களே வண்டியை வடிவமைத்துக் கட்டி ஓட்டும் போட்டியாகும். இதில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களே பயன்படுகின்றன. பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியே செல்ல வேண்டும் என்பது விதி. இதனால் திறன் ஒரு வரம்புக்குள் நிற்கிறது. இந்தியாவில் இதே முறையைப் பின்பற்றும் ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்தப்பட்டு வந்துள்ளது. வண்டியின் வேகத்துடன் செலவுக் கணக்கும் வடிவமைப்பு விளக்கமும் இப்போட்டியில் மதிப்பெண் பெறுகின்றன. ஒரு பாகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை மாணவர்கள் நடுவர்களிடம் விளக்க வேண்டும்.