காருக்குக் கீழே ஓரடி இடம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காரைநகருக்குச் செல்லும் பெருந்தெருவில் ஆனைக்கோட்டையைக் கடந்ததும் எதிர்ப்படுகின்ற மானிப்பாயைக் குறித்து எழுதப் புகுந்தவர்கள், 1841இல் அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் உதயதாரகைப் பத்திரிகை பிறந்ததையும், 1847இல் இலங்கைக்கு வந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் பெருமையையும், 1910இல் இந்துக் கல்லூரி எழுந்த வரலாற்றையும் விஸ்தாரமாகச் சொல்லி ஓய்வது சம்பிரதாயம். அவற்றையெல்லாம் சொல்ல வேறு பலர் இருப்பதால், அவ்வூர் வளவுகளில் படலைக்கு உள்ளே, கார்க் கொட்டிலின் ஓரமாக, மழைக்கும் வெயிலுக்கும் கிடந்து கறுத்துப்போன ஒரு சோடிச் சாய்கட்டைகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதலாமென்று தோன்றுகிறது. றாம்ப் என்று இன்று எல்லாரும் சொல்லும் அந்தச் சாதனத்தில் காரின் முன்சில்லுகளை ஏற்றி நிறுத்தி, கீழே சாக்கு விரித்துப் படுத்து, பழைய ஒயிலைக் கழித்துப் புதிய ஒயிலை விடுகின்ற வேலையைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் பழக்கம் இவ்வூராருக்கு எவ்வாறு வந்ததென்பதே நமது விசாரணை. கராச்சுக்குக் கூலி கொடுக்க மனமில்லாத சிக்கனம் என்று வெளியூரார் பரிகாசம் செய்வதுண்டு. அந்த அபிப்பிராயம் முழுவதும் பொய்யென்று நான் வாதாடப் போவதில்லை. ஆனாலும் காரணம் அதனிலும் ஆழமானது.

மோட்டார் வருவதற்கு முன்னரே வாகனத்தை முற்றத்தில் வைத்துப் பேணும் வழக்கம் மானிப்பாயை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியில் வேரூன்றியிருந்தது. மாட்டுவண்டி வைத்திருந்தவன் எவனும் அச்சுக்கு மசகிடுவதற்காகப் பட்டறையைத் தேடிப் போனதில்லை. அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கடையாணியைக் கழற்றி, சில்லை வெளியே இழுத்து, மசகு பூசி மறுபடி மாட்டுகின்ற வேலை வீட்டு வேலைகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது. சவாரி வண்டி வைத்திருந்தவர்களுக்கோ அது வேலையாக அன்றி ஒரு விரதமாகவே இருந்தது. வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்ப்பதைத் தம் அந்தஸ்துக்குக் குறைவாக எண்ணாத இந்த மனப்பாங்குதான், பின்னர் வந்த காருக்கும் அப்படியே கிடைத்த முதுசொம்.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி 1902இல் வந்ததென்பர். கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வந்த புகைவண்டிப் பாதை 1905இல் பூர்த்தியானபோது, அது கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று கிழக்குப் பக்கமாகவே காங்கேசன்துறைக்குப் போயிற்று. மானிப்பாய்க்கு ஸ்டேஷன் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வூரார் தெருவையே நம்பியிருந்தார்கள். அதற்கு மேலாக, மலாயாவில் ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பி வந்த பென்ஷன்காரர்கள் இப்பிரதேசத்தில் கல்வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களிற் சிலர் முதலில் ஒரு கிணறும் அடுத்து ஒரு காரும் வைத்துக்கொண்டார்கள். யந்திரங்களோடு பழகியவர்களும், எதையும் குறிப்புப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவைக்கும் இயல்புடையவர்களுமாகிய அவர்கள், கார் ஓடிய மைல்களையும் கிறீஸ் பூசிய நாட்களையும் கணக்கு வைத்தார்கள் என்பதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

இனி, ஏன் றாம்ப்? கொழும்பிலும் பிற பட்டினங்களிலும் கராச் என்றால் நிலத்தில் ஒரு கிடங்கு வெட்டி, அதன்மேல் வாகனத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை பார்ப்பதே வழமை. யாழ்ப்பாணத்தில் அது எளிதான காரியமன்று. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்படுகையின்மேல் கிடக்கின்றது. பல வளவுகளில் மண்வெட்டி சில அடி இறங்குமுன்னரே கல் கணீரென்று ஒலிக்கும். கல்லைப் பிளந்து கிடங்கு வெட்டினாலும் மாரி வந்தவுடன் நிலத்தடி நீர் மேலெழுந்துவிடும்; மானிப்பாய்ப் பக்கமோ வழுக்கையாற்றின் அயல். கார்த்திகை மாசத்தில் அக்கிடங்கு கேணியாகிவிடுமென்று தெரிந்தவன் எவனும் அதற்குக் காசு செலவழிக்கமாட்டான். நிலத்துக்குள் இறங்க வழியில்லாத இடத்தில் வாகனத்தை மேலே ஏற்றுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. ஆகவே றாம்பை இங்கே முதலிற் சிருஷ்டித்தது சுண்ணாம்புக்கல் என்று சொன்னால் அது அலங்காரமன்று.

ஏற்றுவதற்கு வேண்டிய மரமும் வேலியோரத்திலேயே நின்றது. முதிர்ந்த பனையின் வெளிவைரம் இரும்புக்கு நிகரானது, உட்சோற்றி மென்மையானது. மரத்தை நெடுக்காகப் பிளந்து, சோற்றியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரப் பாகத்தை வீட்டுக்குச் சிலாகையாக்குவது தச்சர்களின் நாளாந்தத் தொழில். அதே பனந்துண்டங்களை ஒரு முனையில் நிலத்தோடு பொருந்தும்படி சீவி, மறுமுனைக்குக் கீழே குற்றி வைத்து, மேல்முனையில் சில்லு தாண்டிப் போகாதபடி குறுக்கே ஒரு கட்டை அறைந்துவிட்டால் றாம்ப் தயார். கார் ஏறும்போது முன்சில்லு கட்டையை முன்னுக்குத் தள்ளும். அதைத் தடுக்க இரண்டு முளைகளை மண்ணில் அடித்து வைப்பார்கள். ஏறியபின் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அடை கொடுத்து, கைப்பிறேக்கை இழுத்து, முதலாம் கியரில் விட்டு, வண்டியை ஒருமுறை பலமாக உலுப்பிப் பார்த்த பின்னரே ஆள் கீழே போவது. "தம்பி, ஜக்கை நம்பிக் காருக்குக் கீழ போகாதை" என்று வயது முதிர்ந்த மெக்கானிக்குகள் இளையவர்களை எச்சரிப்பார்கள். ஜக் என்பது சில்லு மாற்றுவதற்காக உண்டானது. அதன் தலை வழுக்கினால் ஒரு தொன் கனம் மார்பில் இறங்கும்.

அக்காலத்தில் இங்கே மிகுதியாக ஓடியவை இங்கிலாந்துக் கார்கள்: ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், எல்லாவற்றுக்கும் மேலாக மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து லட்சத்தைத் தாண்டி விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார். (மானிப்பாய் மிஷன் அச்சகத்தை 1834இல் பொறுப்பேற்க வந்த அச்சுத் துரையின் பெயரும் மைனர் என்பது வெறும் தற்செயல், ஆனாலும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.) அந்தக் காரின் முன்சில்லைத் தாங்கும் திருகு மூட்டுக்கு 1000 மைலுக்கொருதரம் கிறீஸ் ஏற்ற வேண்டும். அலட்சியம் செய்தவனுடைய கார் ஒருநாள் தெருவில் போய்க்கொண்டிருக்கும்போதே மூட்டுக் கழன்று, முன்சில்லு பக்கவாட்டில் மடிய, மண்டியிட்டுவிடும். ஆகவே மொறிஸ் மைனர் வைத்திருந்தவன் அடிக்கடி அதன் அடியைப் பார்த்தே தீரவேண்டியிருந்தது. அதன் பம்பரோ உயரமானது; சில்லுகள் முன்முகத்துக்கு அண்மையில் இருந்தன. எவ்வளவு செங்குத்தான கட்டையிலும் அது முகம் இடிபடாமல் ஏறிவிடும். றாம்பின் சரிவைப் பற்றி அந்நாளில் ஒருவரும் யோசிக்காததற்கு இதுவே காரணம்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகி, 1970க்கும் 1977க்கும் இடையில் முற்றாக நெருக்குண்டபோது, பிறநாட்டார் தள்ளிவிடும் வயதில் இருந்த கார்களை நம்மவர் புதிதாகப் பேணத் தொடங்கினார்கள். கியூபாவிலும் இதுபோன்ற ஒரு நிர்ப்பந்தமே பழைய அமெரிக்கக் கார்களைத் தெருவில் வைத்திருந்தது. 1977க்குப் பின் யப்பான் வாகனங்கள் வந்தன. ஆனால் அவை வேரூன்றுமுன் யுத்தம் வந்துவிட்டது.

1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டதும், யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, ரயர், உதிரிப்பாகங்கள் யாவும் தடைப்பட்டன. மின்சாரமில்லாத கராச்சில் கடைசல் யந்திரமும் ஓடாது, ஒட்டுவேலையும் நடவாது. பெரும்பாலோர் சைக்கிளுக்கு மாறினார்கள். ஆயினும் வைத்தியத்துக்கும் பிரசவத்துக்கும் மரண வீட்டுக்கும் ஓடுவதற்காகச் சில கார்கள் உயிரோடு இருந்தாக வேண்டியிருந்தது. அவை மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் குறித்து இன்று பேசும் பலர், நமது சாமர்த்தியம் உலகத்தில் வேறெவருக்கும் வராதென்பது போலப் பேசுகிறார்கள். சாமர்த்தியம் உண்மை. ஆனால் அந்தப் பழைய இங்கிலாந்து எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் சுமார் 7க்கு 1 என்ற அளவிலேயே அமுக்கியபடியால்தான் மண்ணெண்ணெய் அவற்றில் தட்டாமல் எரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இங்கிலாந்து உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்னரே மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடும் ரக்ரர்களை உபயோகித்து வந்தார்கள்.

முறை இதுதான். சிறு போத்தலொன்றில் பெற்றோல். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். காபரேற்றருக்குச் செல்லும் குழாயில் மாற்றித் திருப்பும் ஒரு பூட்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாதாகையால் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப மறந்தவன், மறுநாட்காலையில் அயலாரைக் கூப்பிட்டுத் தள்ளுவிக்க வேண்டியதுதான். காருக்குப் பின்னால் வெண்புகையும், ஒழுங்கை முழுவதும் குப்பிவிளக்கு வாசமும் தொடரும்.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஓர் இரகசியம் உண்டு. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராக இளகும். இளகிய ஒயில் பெயறிங்குகளைத் தின்றுவிடும். பெற்றோலில் ஓடியபோது ஆயிரக்கணக்கான மைலுக்கு ஒருமுறை மாற்றப்பட்ட ஒயிலை, இப்பொழுது அதற்கு வெகு முன்னரே கழிக்கவேண்டி வந்தது. ஒயில் அளக்கும் குச்சியை இழுத்து, துளியை இரு விரலுக்கிடையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் மண்ணெண்ணெய் வாசம் எவ்வளவென்று பார்ப்பதே அளவுகோல். பிளக்குகளிலும் வால்வுகளிலும் கரி பிடிக்கும், அதையும் சுரண்டவேண்டும். முன்னொரு காலத்தில் பென்ஷன்காரரின் பொழுதுபோக்காக இருந்த றாம்ப், இவ்வாறு வளவுக்கு வளவு இன்றியமையாத தளபாடமாயிற்று. பனைகளோ அவ்வாண்டுகளில் பங்கர்களுக்காகத் தறிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பங்கருக்கு வெட்டிய மரத்தில் மிஞ்சிய துண்டு றாம்பாவது இயல்பாகவே நடந்தது.

1995 ஐப்பசி 30ஆந் திகதி யுத்தத்துக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, எண்ணெயில்லாத கார்கள் கொட்டில்களிலேயே விடப்பட்டன. மறு வருஷம் சித்திரைக்குப் பின் திரும்பியவர்களிற் பலர் கண்டவை, ஓடும் கதவும் போன வீடுகளையும் சில்லுகள் போன கார்களையுமே. 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வாகனங்கள் வரத் தொடங்கின. 2006 ஆவணியில் பாதை மூடப்பட, மறுபடி தட்டுப்பாடு. 2009க்குப் பின்னரே புதிய கார்கள் தடையின்றி வந்தன.

வந்தவை வேறு ஜாதி. விற்ஸ், அக்குவா, பிறியஸ் என்று யப்பான் அனுப்பிய கார்கள் நிலத்தோடு தாழ்ந்தவை. முன்முகம் சில்லுக்கு முன்னே இரண்டடி நீண்டது. அடியில் பிளாஸ்ரிக் தட்டு மூடியிருக்கும். இரண்டடி நீளத்தில் ஒன்பது அங்குலம் ஏறுகின்ற பழைய கட்டையில் இவற்றை ஏற்ற முயன்றால், சில்லு ஏறத் தொடங்குமுன்னரே பம்பர் கட்டையின் தலையில் முட்டிவிடும். தாழ்ந்த றாம்பின் அவசியம் இங்கேதான் பிறந்தது. நாலடி நீளத்தில் ஆறங்குலம் மட்டும் ஏறுமாறு செய்தால், சில்லு தொடும்போது பம்பருக்குக் கீழே கட்டையின் உயரம் மூன்று அங்குலமே, முகம் தப்பும். காரின் சுய உயரத்தோடு இந்த ஆறங்குலமும் சேர்ந்து ஏறக்குறைய ஓரடி இடம் கிடைக்கும். மெலிந்தவன் தாராளமாகவும் மற்றவன் மூச்சைப் பிடித்துக்கொண்டும் உள்ளே போகலாம். மூன்று பலகைகளை ஒவ்வொன்றும் முந்தியதினும் ஓரடி குறைவாக அடுக்கி ஆணியடித்துச் செய்பவர்களும் உண்டு. அங்கிள் இரும்பில் ஒட்டுவித்து மேலே பொளிந்த தகடு போடுவிப்பவர்களும் உண்டு.

இன்னொரு சங்கடமும் புதிது. மொறிஸ் மைனரைப் பின்சில்லு தள்ளியது. இவற்றை முன்சில்லே இழுக்கிறது. அதனால் றாம்ப் முன்னுக்குப் போகாமல் சில்லுக்குக் கீழாகப் பின்னுக்கு உதைக்கப்படும். மண்முற்றமானால் முளை அடிக்கலாம். வெளிநாட்டுப் பணத்தில் கல் பதித்த முற்றத்தில் முளை எங்கே அடிப்பது? றாம்புக்குக் கீழே பழைய ரயர் றப்பரை வெட்டி ஒட்டுவதே இப்போதைய பரிகாரம்.

கழித்த ஒயிலைக் கறையான் வராதபடி வேலிக் கதியாலுக்கும் சிலாகைக்கும் பூசுவது பழைய வழக்கம். மிஞ்சியதை வளவின் மூலையில் ஊற்றுவதும் வழக்கந்தான். இந்த இரண்டாவது வழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். கிடங்கு வெட்டவிடாமல் தடுத்த அதே சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் நிறைந்தது. மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுப்பதில்லை. சுன்னாகத்து மின்னிலைய அயலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014 அளவில் குடாநாட்டையே கலக்கிய பின்னராவது, ஒயிலைக் கானில் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது.

2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் எரிபொருள் வரிசைகளும் அதன்பின் கியூஆர் அட்டையும் வந்தன. கையிலிருக்கும் காரே கடைசிக் காரென்ற எண்ணம் மறுபடி குடிபுகுந்தது. 2025 மாசியில் தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கிய போதிலும், வரியின் பாரத்தால் புதுக்கார் பலருக்கு எட்டாக் கனி. ஆகவே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய விற்ஸ்களை இன்னும் பத்து வருஷம் ஓட்டுவதென்று தீர்மானித்தவர்கள் இரும்புப் பட்டறைகளுக்கு வருகிறார்கள். முன்பு றாம்ப் கேட்டு வருபவனிடம் தச்சன் மரத்தை மட்டுமே விசாரிப்பான், இப்போது ஒட்டுவேலைக்காரன் முதலில் கேட்பது, "எந்தக் கார் அண்ணை?" என்பதுதான். பதில் கிடைத்த பின்னரே சரிவின் நீளத்தைச் சோக்கட்டியால் நிலத்தில் கோடு போட்டுக் காட்டுகிறான்.