அணைத்தல், நனைத்தல்: ஆங்கிலச் சொற்கள்

தண்ணீரால் நனைப்பதையும் தீயை அணைப்பதையும் குறிக்கும் ஆங்கில வினைகளில் மூன்று முக்கியமானவை. ‘டவுஸ்’ இரண்டு வேலையையும் செய்யும்: ஆளை நனைக்கும், விளக்கையும் அணைக்கும். ‘குவெஞ்ச்’ நம் ‘தணி’க்கு உடன்பிறப்பு, தீ, தாகம் இரண்டுக்கும் வரும். கொல்லர் பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பதற்கும் அதுவே பெயர். ‘டிரெஞ்ச்’ தொப்பலாக நனைத்தல். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘குடிக்க வை’ என்பது. மாட்டுக்கு மருந்து புகட்டுவதை இன்றும் அப்படியே சொல்கிறார்கள்.

தமிழும் சளைத்ததல்ல. ‘அவி’ விளக்கையும் அணைக்கும், இட்லியையும் வேகவைக்கும். ‘அணை’ தழுவும், தீயையும் நிறுத்தும்.

சிவகாசி அருகே எம். புதுப்பட்டி வட்டாரப் பட்டாசுத் தொழிலில் இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் ஆபத்து. அங்கே நனைப்பதெல்லாம் அணைப்பதாகாது. எரியும் அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பித் தீயை வளர்க்கும். அதற்கு உலர்ந்த மணல்தான். பேரியம் நைட்ரேட்டோடு கலந்த அலுமினியப் பொடியில் ஈரம் ஏறினால், நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறலாம். கருமருந்திலோ வெடியுப்பே ஆக்சிஜனைத் தந்துவிடும். மணலைக் கொட்டி மூச்சடைக்க முடியாது, தண்ணீர்தான் வேண்டும். சிவப்பு வாளிகளில் மணலும் தண்ணீரும் தனித்தனியாக இருப்பது இதனால்தான்.

வீட்டில் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு வேறு கதை. சிவப்பு மங்கிய பிறகும் கம்பி காலைச் சுடும். வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.